இரவல் பணியாளர்

ஒரு மொழிபெயர்ப்பைத் திருத்தும்போது ‘இலவசப் பணியாளர்’ என்ற தொடர் கண்ணில் பட்டது. ஐ.நா. ஆவணங்களில் ‘கிராட்டிஸ்’ பணியாளர் எனப்படுவோரைத்தான் அப்படி எழுதியிருந்தார்கள். ஆனால் அவர்கள் சம்பளமில்லாமல் உழைப்பவர்கள் அல்லர், சம்பளத்தை ஐ.நா.வுக்குப் பதில் அவரவர் அரசு தருகிறது. கிராட்டிஸ் லத்தீன் சொல். அதன் வேரான ‘கிராட்டியா’வுக்கு அருள், தயவு, நன்றி என்று பொருள், தயவால் கிடைப்பது பிறகு விலையின்றிக் கிடைப்பதாயிற்று. நாம் பணிக்கொடை என்கிற கிராஜுவிட்டியும் இந்த வேரில் வந்ததே. நம் வழக்கிலுள்ள ‘இனாம்’ என்ற அரபுச் சொல்லும் இதே பாதையில் வந்தது: முதலில் அருட்கொடை, பின்பு மானிய நிலம், இன்று காசில்லாதது. இச்சொற்களிலெல்லாம் கொடுப்பவர் ஒருவர் நிற்கிறார். ‘இலவசம்’ அவரை மறைத்துவிடுகிறது. இங்கே மறைக்கக் கூடாதவர் அவர்தான். 1990களில் ஐ.நா. அமைதிகாப்புத் துறையில் வசதியுள்ள நாடுகள் அனுப்பிய ராணுவ அதிகாரிகள் நிறைந்திருந்தனர். ஊதியம் தந்து ஆள் அனுப்ப இயலாத வளரும் நாடுகள் இதை எதிர்த்தன. எந்த அரசிடமும் ஊழியர் கட்டளை பெறக் கூடாது என்கிறது ஐ.நா. சாசனத்தின் 100ஆம் பிரிவு. சம்பளம் தரும் அரசின் சொல்லை ஒருவர் எப்படித் தட்டுவார்? ‘இலவச’த்துக்கு மாற்றாக ‘அயற்பணி’ நல்ல சொல்தான், ஆனால் அது ஊதியம் யாருடையது என்று சொல்வதில்லை. ‘இரவல்’ அதைச் சொல்லிவிடும்: இரவல் பொருளுக்கு உரியவர் வேறொருவர் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே ‘இரவல் பணியாளர்’ என்றே திருத்தினேன். வளரும் நாடுகள் எதிர்த்த இவர்களைப் படிப்படியாக விலக்கக் கோரும் தீர்மானத்தை ஐ.நா. பொதுச் சபை 1997 செப்டம்பரில் நிறைவேற்றியது.