பூர்வீகம் தேடுறவங்களுக்கு

டவுன்ல இருந்து ஊருக்கு வர்ற பிள்ளைங்க பலரும் கேக்கிற கேள்வி: "எங்க பூர்வீகத்தை எப்படிங்க கண்டுபிடிக்கிறது?" தாத்தா பேரு தெரியும், அதுக்கு மேல தெரியாது. நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. இனிஷியல்தான், அதுவும் தலைமுறைக்குத் தலைமுறை மாறிப்போகும்.

நிலம் வெச்சிருந்த குடும்பம்னா வழி இருக்கு. 1792ல் பாராமகால் (இன்றைய சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம்) கம்பெனி கைக்கு வந்தப்ப, ரீடும் மன்றோவும் ரயத்துவாரி முறையை அங்கேதான் தொடங்கினாங்க. ஜமீன்தார் நடுவுல இல்லாம, குடியானவன் பேர்லயே நேரடியா தீர்வை. எங்க ஈரோடு பக்கமும் அதே முறை வந்துச்சு. அதனால பழைய செட்டில்மெண்ட் பதிவேட்டில் சர்வே எண்ணோட பட்டாதாரர் பேரும் இருக்கும். கர்ணம், மணியகாரர் பதவியை 1980ல் ஒழிக்கிற வரைக்கும் ஊர்க் கணக்கு அவங்க கையில இருந்துச்சு. 1979ல் ஆரம்பிச்ச யூடிஆர்ல உட்பிரிவு எண்கள் மாறியிருக்கும். அதனால பழைய சர்வே எண்ணை முதல்ல பிடிங்க. அப்புறம் தாலுகா ஆபீஸ், சார்பதிவாளர் ஆபீஸ். பொறுமை வேணும்.

ஒரு சிக்கல் இருக்குங்க. தாத்தா பேரைப் பேரனுக்கு வெக்கிறது நம்ம வழக்கம். பேரன்ங்கிற சொல்லே பெயரன்தான். அம்பது வருஷ இடைவெளியில ஒரே பேரு ரெண்டு பத்திரத்துல வந்தா, அது ஒரே ஆள்னு நினைச்சிடாதீங்க. தகப்பனார் பேரைப் பாருங்க.

இதெல்லாம் ஆம்பளைங்க கணக்கு. எங்க அப்பாரோட ஆத்தா ஒரே ஒரு கிரயப் பத்திரத்துலதான் வர்றாங்க. அதுலயும் "இன்னார் பெண்சாதி", பக்கத்துல ஒரு கைரேகை. பேரு இல்ல.

நிலமே இல்லாதவங்க நிலைமை இன்னும் மோசம். செங்கல்பட்டு கலெக்டரா இருந்த திரமென்ஹீர் அறிக்கைக்குப் பின்னாடி, 1892ல் வந்த அரசாணைப்படி கொடுத்த பஞ்சமி நிலத்துக்குப் பதிவு உண்டு. அது கிடைச்ச குடும்பங்கள் கொஞ்சம்தான். பண்ணையாளா உழைச்ச மத்தவங்க பேரு எந்தப் பட்டாவுலயும் ஏறல. அவங்களுக்குக் குலதெய்வக் கோயில்தான் ஆதாரம். எந்த ஊருக்குப் போய் மொட்டை போடுறாங்களோ, பெரும்பாலும் அங்கிருந்து வந்தவங்களா இருப்பாங்க. கோயில்ல தலைக்கட்டு வரி நோட்டு இருந்தா விட்டுடாதீங்க.

எங்க ஆத்தா பேரைக் கடைசியில சொன்னது, எங்க தோட்டத்துல மூணு தலைமுறையா வேலை பார்த்த குடும்பத்துப் பாட்டி. எங்க அப்பாரு பொறந்தப்ப பிரசவம் பார்த்தது அந்தப் பாட்டியோட அம்மாயியாம். அவங்க குடும்பம் எங்க ஊருக்கு எப்ப வந்துச்சுன்னு கேட்டேன். "உங்களுக்கு முன்னாடியே சாமி"ன்னு சிரிச்சாங்க. எழுதப் படிக்கத் தெரியாது, ஆனா பேரெல்லாம் வரிசை தப்பாம வருது.

இப்ப சாயங்காலம் நோட்டோட போய் உட்கார்ந்து எழுதிக்கிறேன். இதுவரைக்கும் எங்க பக்கம் நாலு தலைமுறை, அவங்க பக்கம் அஞ்சு.