கொப்பு போட்ட காதுகள்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். வீட்டில் வயதுப் பிள்ளைகள் இருப்பவர்கள் கடைசிவரை படித்துவிடுங்கள்.

கொப்பு என்றால் என்னவென்று இன்றைய பிள்ளைகளிடம் கேட்டால் மரக்கொப்பு என்பார்கள். எங்கள் சேலம், நாமக்கல் பக்கத்துப் பாட்டிமார்களுக்கு அது காதின் மேல் விளிம்பில் போடும் நகை. கீழே தோடு, மேலே கொப்பு, முருகு, வாளி என்று ஒரே காதில் மூன்று நான்கு துளைகள் இருக்கும். இப்போது கல்லூரிப் பெண்கள் அதே இடத்தில் ஒரு சின்ன வளையம் போட்டுக்கொண்டு வந்தால், "இது என்ன வெளிநாட்டு நாகரிகம்?" என்று பெற்றோர் திட்டுகிறார்கள். திட்டுகிறவர்கள் தங்கள் வீட்டுப் பழைய புகைப்படத்தை ஒருமுறை எடுத்துப் பார்க்கலாம்.

நான் கொல்லிமலையில் பல ஆண்டுகள் சமூக அறிவியல் ஆசிரியராக இருந்தவன். என்னிடம் படித்த மாணவி ஒருத்தி இப்போது கீழே ஒரு நகரத்தில் வேலை பார்க்கிறாள். சென்ற ஆண்டு ஒரு கடையில் மேல்காது குத்திக்கொண்டாள். துப்பாக்கி மாதிரி ஒரு கருவி, ஒரு நொடி வேலை. நான்காம் நாள் காது சிவந்து வீங்கியது. சீழ் கோத்து, மருத்துவர் கீறி எடுக்கும்படி ஆனது. காது பிழைத்தது, ஆனால் மேல் விளிம்பு சுருங்கிவிட்டது. பெயர் போடாமல் எழுதுங்கள் என்று சொன்னவளும் அவள்தான். என்னிடம் அவள் கேட்டது இது: "எங்க ஆயாவுக்கு மலையிலேயே மேல்காது குத்தினாங்க. அப்ப ஆஸ்பத்திரிகூட கிடையாது. அவங்களுக்கு ஒண்ணும் ஆகல. எனக்கு மட்டும் ஏன் சார்?"

வரலாற்று வாத்தியாரிடம் கேட்டால் பதிலும் வரலாற்றிலிருந்துதான் வரும்.

காது குத்துவது நமக்கு நேற்று வந்த பழக்கம் இல்லை. கீழடி அகழாய்வில் சுடுமண் காதணிகள் கிடைத்திருக்கின்றன. திருஞானசம்பந்தர் தம் முதல் பதிகத்தைத் தொடங்குவதே சிவனின் காதில் இருக்கும் தோட்டைச் சொல்லித்தான். சோழர் காலச் செப்புத் திருமேனிகளில் ஒரு காதில் குழையும் மறுகாதில் தோடும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆண்களும் கடுக்கன் போட்ட நாடு இது.

வடமொழி மருத்துவ நூலான சுசுருத சம்ஹிதையில் காது குத்துவதற்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. குழந்தைக்கு ஆறாம் அல்லது ஏழாம் மாதத்தில் குத்த வேண்டும். காதை வெயிலில் பிடித்து, வெளிச்சம் ஊடுருவித் தெரியும் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மெல்லிய காதை ஊசியாலும் தடித்த காதைக் குத்தூசியாலும் குத்த வேண்டும். பிறகு பஞ்சுத் திரி வைத்து, மூன்று நாளைக்கு ஒருமுறை தடித்த திரியாக மாற்ற வேண்டும். தவறான நரம்பில் பட்டால் என்னென்ன நோய் வரும் என்பதும், அறுந்த காதை ஒட்டவைக்கப் 15 முறைகளும் அதில் உண்டு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இவ்வளவும் பெரும்பாலும் காதுச் சோணையைப் பற்றியது, அதாவது கீழே தொங்கும் மெல்லிய சதை. குருத்தெலும்பு அல்ல.

தெற்கே திருநெல்வேலிப் பக்கம் சோணையை வளர்ப்பதே ஒரு கலை. ஈயக் குணுக்கு மாட்டித் தோள்வரை இறக்கி, பிறகு பாம்படம் போடுவார்கள். சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1906இல் வெளியிட்ட நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார். பின்னால் காலம் மாறியது. வளர்த்த காது பட்டிக்காட்டுக் காது என்று ஆனது. பாட்டிமார் பலர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சோணையை வெட்டித் தைத்துக்கொண்டார்கள். கொப்பும் அதே வெட்கத்தில்தான் கழன்றது. நகை போனதோடு, அதைப் போட்டுவிட்ட கையின் அனுபவமும் போய்விட்டது. என் மாணவியின் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது.

காது குத்துகிறவர் யார்? பத்தர். மாசி பெரியசாமியைக் குலதெய்வமாகக் கும்பிடும் குடும்பங்கள் கீழ்நாட்டிலிருந்து மலையேறி வருவார்கள். பிள்ளைக்கு மொட்டை அடித்து, தாய்மாமன் மடியில் உட்காரவைத்து, வாயில் வெல்லத்தைக் கொடுத்துக் காது குத்துவார்கள். நானே பலமுறை பார்த்திருக்கிறேன். பத்தர் மெல்லிய தங்கக் கம்பியின் முனையைக் கூராக்கி, அதனாலேயே குத்தி, அதையே வளைத்து வளையமாக முறுக்கிவிடுவார். அந்தக் கம்பி அந்தக் காதிலேயே தங்கிவிடும், அடுத்த பிள்ளைக்குப் போகாது. கிருமி என்ற சொல் தெரியாத காலத்திலேயே ஒரு காதுக்கு ஒரு கம்பி என்ற வழக்கம் இருந்தது.

மேல்காது வேறு கதை. அது பெரும்பாலும் வளர்ந்த பிறகு குத்துவது. பத்தர் விரலால் விளிம்பைத் தடவிப் பார்த்துத்தான் இடம் சொல்வார் என்று மலையில் மூத்த பெண்கள் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். காதில் ஏதாவது புண் இருந்தால், "அடுத்த சந்தைக்கு வா தாயி" என்று அனுப்பிவிடுவாராம். அடுத்த வாரம் சோளக்காட்டுச் சந்தைக்கு அவரும் வருவார், அந்தப் பெண்ணும் வருவாள். காது பழுத்திருந்தால் அத்தனை பேர் முன்னால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். நம்பிக்கை என்று நாம் சொல்வது இதைத்தான். வேலை முடிந்த பிறகும் முகம் பார்க்க வேண்டிய உறவு.

இனி அந்தத் துப்பாக்கிக்கு வருவோம். சோணையில் சதையும் ரத்த ஓட்டமும் உண்டு, ஆறு முதல் எட்டு வாரத்தில் ஆறிவிடும். மேல்காதுக் குருத்தெலும்புக்குச் சொந்த ரத்தக்குழாய் கிடையாது. மேலே போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வுதான் அதற்குச் சோறு போடுகிறது. கூரான ஊசி அதை நேராகத் துளைக்கும். துப்பாக்கியோ மழுங்கிய கம்மலை ஸ்பிரிங் விசையால் அடித்து இறக்குகிறது. சவ்வு நசுங்கும். நடுவில் சீழ் கோத்தால் குருத்தெலும்பு பட்டினி கிடந்து கரையும், காது உருக்குலையும். பிளாஸ்டிக் உடம்பு கொண்ட துப்பாக்கியை நீராவிக் கொதிகலத்தில் வைத்துச் சுத்தம் செய்யவும் முடியாது. அதே கருவிதான் அடுத்தவர் காதிலும் படுகிறது.

இது ஊகம் இல்லை. 2000ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஒரு கடையில் மேல்காது குத்திக்கொண்ட இளம் வயதினருக்குக் காது அழுகியது. 7 பேருக்கு சூடோமோனாஸ் என்ற கிருமி உறுதியானது. கிருமியைக் கொல்ல வைத்திருந்த மருந்துப் புட்டியிலேயே அது குடியிருந்தது. பலருக்கு முதலில் கொடுத்த மருந்து அந்தக் கிருமியிடம் பலிக்கவில்லை. இந்த ஆய்வு 2004இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளிவந்தது.

பழையதெல்லாம் நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. ரணஜன்னித் தடுப்பூசி மலைக்கு ஏறாத காலம் அது. பிழைத்த காதுகள்தான் புகைப்படத்தில் இருக்கின்றன. பழுத்த காதுகளின் கதையை யாரும் எழுதிவைக்கவில்லை. ஆயாவுக்கு அதிர்ஷ்டமும் கொஞ்சம் துணை நின்றிருக்கும். ஆனால் அதிர்ஷ்டத்தோடு ஒரு கூரான கம்பியும் பதில் சொல்லும் ஒரு மனிதரும் இருந்தார்கள். பேத்திக்கு அந்த இரண்டுமே இல்லை.

எனவே பிள்ளை மேல்காது குத்த வேண்டும் என்று கேட்டால் திட்டாதீர்கள். கூடவே போங்கள். தாய்மாமன் மடிக்குப் பதிலாக நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். ஊசி ஒருமுறை மட்டும் பயன்படுத்துவதா, உறையை உங்கள் கண்முன் பிரிக்கிறார்களா என்று பாருங்கள். துப்பாக்கியை எடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். கம்மல் எந்த உலோகம் என்று கேளுங்கள். தங்கமோ, உடலுக்குள் பொருத்தும் தரமுள்ள டைட்டானியமோ நல்லது. ஒரு வாரம் கழித்து வந்து காட்டலாமா என்றும் கேளுங்கள். அதற்கு முகம் சுளிப்பவரிடம் காதைக் கொடுக்காதீர்கள். "இப்போது வேண்டாம்" என்று சொல்லத் தெரிந்தவரிடம் தாராளமாகக் கொடுக்கலாம்.

மஞ்சள், எண்ணெய், வேப்பங்குச்சி எல்லாம் மேல்காதுக்கு வேண்டாம். சுத்தமான உப்பு நீர் போதும். திருகக் கூடாது, அந்தப் பக்கம் படுக்கக் கூடாது. முழுதாக ஆற ஆறு மாதம் முதல் ஒரு வருடம்கூட ஆகலாம். காது சிவந்து, சுட்டு, வீங்கினால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். குருத்தெலும்பில் குத்தியது என்று மறக்காமல் சொல்லுங்கள். தாமதித்த ஒவ்வொரு நாளும் காதின் வடிவத்தைத் தின்னும்.

உங்கள் ஊரில் மேல்காது நகைக்கு என்ன பெயர்? உங்கள் பாட்டிக்கு யார் குத்திவிட்டார்கள்? தெரிந்தவர்கள் கருத்தில் எழுதுங்கள். தெரியாதவர்கள் இன்றைக்கே வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வாருங்கள், இதுதான் வீட்டுப்பாடம்.