ஷெஃபீல்டு நகரின் சாணைத் தொழிலாளர்கள்

மூச்சுவிட நேரமின்றி உழைப்பவரை, மூக்கைச் சாணைக்கல்லில் வைத்து உழைப்பவர் என்று பாராட்டும் ஆங்கில வழக்கு 16ஆம் நூற்றாண்டிலேயே எழுத்தில் இடம்பெற்றிருந்தாலும், அக்காலத்தில் அது ஒருவர் மற்றொருவரின் மூக்கைக் கல்லில் பிடித்து அழுத்தும் கொடுமையையே குறித்தது. அப்பழைய பொருளின் கடுமையை, கத்திகளுக்கும் முட்கரண்டிகளுக்கும் பெயர்பெற்ற இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்துச் சாணைத் தொழிலாளரின் வரலாறு தெளிவாக உணர்த்துகிறது.

குதிரைமேல் அமர்வதுபோல் மரப்பலகையில் கால்களை இருபுறமும் இட்டு, சுழலும் மணற்கல்லின்மேல் குனிந்து இரும்பைத் தீட்டிய அவர்களுடைய முகம், தீப்பொறியும் தூளும் பறக்கும் இடத்திற்கு மிக அருகில் இருந்தது. ஆற்றுநீரால் பட்டறைகள் இயங்கிய காலத்தில், கோடையில் நீர் வற்றும்போது வேலை நின்று ஓய்வு கிடைத்தது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் நீராவி எந்திரம் வந்தபின், நெருக்கமான அறைகளில் ஆண்டு முழுவதும் கல் சுழன்றது. கத்திகள் பெரும்பாலும் நீரில் நனையும் கல்லில் தீட்டப்பட, முட்கரண்டிகளும் ஊசிகளும் உலர்ந்த கல்லில் தீட்டப்பட்டதால், நுரையீரலை இறுகச்செய்யும் சிலிக்கோசிஸ் என்று இன்று அறியப்படும் நோய் அவற்றைத் தீட்டியவர்களையே முதலில் பற்றியது. முட்கரண்டி தீட்டியவர்கள் 28 முதல் 32 வயதிற்குள் இறந்தனர் என்று ஷெஃபீல்டு மருத்துவர் நைட் எழுதியதை, ஜெர்மானியச் சிந்தனையாளர் எங்கெல்ஸ், ஆங்கிலத் தொழிலாளரின் நிலை குறித்து 1845இல் வெளியிட்ட தம் நூலில் எடுத்துக்காட்டினார்.

தீர்வு தேடியவர்கள் இல்லாமலில்லை. 1820களின் தொடக்கத்தில் ஆபிரகாம் என்பவர் காந்தக் கருவியொன்றை உருவாக்கினார். அது இரும்புத்தூளை ஈர்த்ததே தவிர, உண்மையில் உயிரைக் குடித்த கல்தூளை ஈர்க்கவில்லை. தூளை உறிஞ்சி வெளியேற்றும் விசிறி பயன்தருவதாக இருந்தும் அது மெதுவாகவே பரவியது. தொழிலாளர் பலர் பட்டறையில் தமக்குரிய இடத்திற்கு வாடகை செலுத்தி, முடித்த பொருளின் எண்ணிக்கைக்கேற்பக் கூலி பெற்றமையால், விசிறிக்கான செலவை ஏற்பவர் யார் என்ற வினா எழுந்தது. ஆயுள் நீண்டால் ஆட்கள் பெருகிக் கூலி குறையும் என்றும் அவர்களுள் சிலர் அஞ்சினர். தம் உயிரைக் காக்கும் கருவியையே ஐயுறும் அளவிற்கு அவர்களுடைய பிழைப்பு நெருக்கடிக்குள்ளாகியிருந்தது.

1867ஆம் ஆண்டுச் சட்டம், விசிறி பொருத்துமாறு ஆணையிடும் அதிகாரத்தைத் தொழிற்சாலை ஆய்வாளருக்கு அளித்தது. 20ஆம் நூற்றாண்டில் செயற்கைச் சாணைச் சக்கரங்கள் மணற்கல்லின் இடத்தைப் பிடித்தன. உழைப்பின் கடுமையைத் தனிமனிதரின் விடாமுயற்சியாக மட்டும் போற்றும்போது, அவரைக் கல்லின்மேல் குனியவைத்த கூலிமுறையும் வாடகையும் கண்ணுக்குத் தெரியாமல் போகின்றன என்பதே இவ்வரலாறு கற்பிக்கும் பாடமாகும்.