சர்க்கரை யானைகளும் ஒரு பழைய கேள்வியும்

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டைப் பகுதிகளில் வீட்டிலிருந்தபடியே கேக் செய்து விற்கும் பெண்கள் இன்று பலர். குழந்தைகளின் பிறந்தநாளுக்கு அவர்கள் செய்து தருவனவற்றுள் விலங்கு வடிவ பிஸ்கட்டுகளும் உண்டு. யானையும் சிங்கமும் வரிக்குதிரையும் தட்டில் வந்து நிற்கும். அவற்றின் மேல் பூசப்படும் சர்க்கரைக் குழம்பை ராயல் ஐசிங் என்பர். ஒரு கடியில் தீரும் இச்சிறு ஓவியத்துக்குப் பின்னே ஒரு வரலாறு உண்டு. நம் அண்டைவீட்டு உறவின் கதையும் அதில் அடங்கும்.

முட்டையின் வெண்கருவோடு மாவாக அரைத்த சர்க்கரையைச் சேர்த்து அடித்தால் இந்த ஐசிங் கிடைக்கும். ஈரம் வற்றியதும் அது ஓடுபோல் இறுகிவிடும். மணவிழாக் கேக்குக்கு வாதுமைப் பூச்சும் அதன்மேல் வெண்சர்க்கரைப் பூச்சும் இடும் முறையை, இங்கிலாந்தின் எலிசபெத் ரஃபால்ட் 1769இல் தம் சமையல் நூலில் எழுதினார். 1840இல் நடந்த விக்டோரியா அரசியின் திருமணக் கேக்கோடு சேர்த்து 'ராயல்' என்ற அடைமொழிக்கு விளக்கம் சொல்வது வழக்கம். அமெரிக்காவில் 1902இல் சர்க்கஸ் கூண்டு போன்ற பெட்டியில் விலங்கு பிஸ்கட்டுகள் விற்பனைக்கு வந்தன. கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிட, அப்பெட்டியில் கயிறும் கட்டப்பட்டிருந்தது.

விலங்கு வடிவ இனிப்பு நமக்கும் புதிதன்று. கர்நாடகத்தில் சங்கராந்திக்கு மர அச்சில் பாகு ஊற்றிச் சர்க்கரைப் பொம்மைகள் செய்கின்றனர். நம் தெருக்களில் ஜவ்வு மிட்டாய்க்காரர் நொடியில் மயிலும் தேளும் முறுக்கித் தருவார். இவற்றில் சர்க்கரையே விலங்கு. ஐசிங்கிலோ சர்க்கரை விலங்கின் தோலாக மட்டும் நிற்கிறது.

இந்தத் தோல் நம் புறநகருக்கு வந்த வழி கிறிஸ்துமஸ். பரங்கிமலை, பல்லாவரம் பகுதிகளில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் நெடுங்காலமாக வாழ்ந்தவை. 1931இல் கடற்கரை–தாம்பரம் மின்ரயில் ஓடத் தொடங்கியது. 1937இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தது. பல ஊரார், பல சமயத்தார் ஒரே தெருவில் குடியேறினர். தீபாவளிக்கு நம் வீட்டுத் தட்டு அடுத்த வீட்டுக்குப் போகும். டிசம்பரில் அவர்கள் வீட்டுத் தட்டு ஐசிங் பூசிய கேக்கோடு வரும்.

நாம் சிறுவராயிருந்த காலத்தில் அத்தட்டைக் கண்டதும் அடுக்களையில் எழுந்த முதல் கேள்வி, "முட்டை போட்டிருக்கா?" என்பதுதான். விடை தெரிந்தே கேட்ட கேள்வி அது. முகமலர்ச்சியோடு தட்டை வாங்குவோம். கேக், வீட்டுவேலைக்கு வரும் அம்மாவிடம் போய்விடும். வெறுந்தட்டைத் திருப்பித் தரலாகாது என்பதால் ஒரு பிடி சர்க்கரை வைத்துக் கொடுப்போம். நாம் அனுப்பிய அதிரசத்தை அவர்கள் உண்டனர். அவர்கள் அனுப்பியதை நாம் உண்ணவில்லை.

இன்று இதே கலை, அன்று அக்கேள்வி எழுந்த வீடுகளிலும் நடக்கிறது. மருதாணிக் கூம்பு போன்ற கூம்பில் கெட்டி ஐசிங்கை நிரப்பி யானையின் உருவரையை முதலில் இழுக்கின்றனர். பிறகு சற்று நீர்த்த ஐசிங்கை உள்ளே பாய்ச்சுகின்றனர். வரப்புக் கட்டி வயலுக்கு நீர் விடுவது போன்ற வேலை. கோலமிட்டுப் பழகிய கைக்கு இது எளிதில் வசப்படுகிறது. இடையூறு செய்வது நம் கடற்கரைக் காற்றின் ஈரம். மழைக்கால டிசம்பரில் பூச்சு இறுக மறுக்கும். வரிக்குதிரையின் கருமை வெண்மையில் கசியும். ஒரு வண்ணம் காய்ந்தபின்தான் மறுவண்ணம் இடவேண்டும்.

முட்டைக்கும் மாற்று வந்துவிட்டது. பயறு வகைகள் வெந்த நீரை அடித்தால் வெண்கருபோல் நுரைக்கும் என்பதை 2014இல் பிரான்சின் ஜோயல் ரோசெல் கண்டறிந்தார். இதற்குக் கொண்டைக்கடலை நீரே பெரிதும் பயன்படுகிறது. நவராத்திரிச் சுண்டலுக்குக் கடலையை வேகவைத்து நாம் வடித்துக் கொட்டிய நீர்தான் அது! அதில் செய்த ஐசிங் பூசிய யானையை எவ்வீட்டுக் குழந்தையும் தயக்கமின்றி உண்ணலாம்.

இது மகிழ்ச்சிக்குரியதே. எனினும் ஒன்றை மறைக்காமல் எழுதவேண்டும். கடலை நீர் நம் கேள்விக்கு வசதியான விடையைத் தந்ததே தவிர, நம் கேள்வியை மாற்றவில்லை. நாம் தொடமாட்டோம் என்று அறிந்திருந்தும் ஆண்டுதோறும் தட்டை அனுப்பிய அந்த வீட்டாரின் பெருந்தன்மைதான், இந்த வரலாற்றில் நாம் இன்னும் திருப்பித் தராத கடன்.