காந்திகிராம ஊரக சுகாதார, குடும்ப நல நிறுவனம்

திண்டுக்கல் மாவட்டம் அம்பாத்துரையை அடுத்து இயங்கும் அறக்கட்டளை நிறுவனம். தாய்-சேய் நலம், குடும்பக் கட்டுப்பாடு, மக்கள்தொகை ஆகியவற்றில் ஆய்வும் பயிற்சியும் இதன் பணி. தொடங்கிய ஆண்டு 1964.

இதற்கு வித்திட்டவர் டாக்டர் சௌந்தரம் ராமச்சந்திரன் (1904–1984). டி.வி.எஸ். சுந்தரம் அய்யங்காரின் மகள். இளம் வயதில் கணவரை இழந்தார். அதன் பிறகு டெல்லி லேடி ஹார்டிங் கல்லூரியில் மருத்துவம் படித்தார். 1940இல் ஜி. ராமச்சந்திரனை மணந்தார். இருவரும் 1947இல் காந்திகிராமத்தை உருவாக்கினார்கள்.

1952இல் இந்தியா குடும்பக் கட்டுப்பாட்டை அரசுத் திட்டமாக்கியது. அதே ஆண்டில் மூன்றாம் ஜான் டி. ராக்கஃபெல்லர் அமெரிக்காவில் மக்கள்தொகைக் கவுன்சிலை நிறுவினார். சென்னை மாகாண அரசு 1950களிலேயே அறுவை சிகிச்சைக்கு ஊக்கத்தொகை கொடுக்கத் தொடங்கிவிட்டது. பணத்தைக் காட்டி ஏழைகளை முகாமுக்கு வரவழைக்கும் அந்த வழியைவிட, 1959இல் ஆத்தூர் வட்டாரத்தில் காந்திகிராமம் தொடங்கிய முன்னோடித் திட்டம் நேர்மையானது என்றே சொல்ல வேண்டும். ஃபோர்டு அறக்கட்டளையின் உதவியோடு நடந்த அத்திட்டத்தில், ஊரில் செல்வாக்குள்ளவர்களைத் துணை சேர்த்துக்கொண்டு, சுகாதாரப் பணியையும் கருத்தடை ஆலோசனையையும் ஒன்றாகவே கொண்டுபோனார்கள். இந்த அனுபவம்தான் நிறுவனமாக வளர்ந்தது.

பின்னாளில் மத்திய சுகாதார அமைச்சகத்தின் மக்கள்தொகை ஆய்வு மையம் ஒன்றும் இங்கே அமைந்தது. 1992இல் முதலாவது தேசியக் குடும்ப நல ஆய்வின் தமிழ்நாட்டுப் பணியை இம்மையம் ஏற்றது. அந்த ஆய்வின் வினாத்தாளில் ஒரு கேள்வி உண்டு. உயிரோடு பிறந்து பிறகு இறந்துபோன பிள்ளை உண்டா என்று கேட்க வேண்டும். இல்லை என்று சொன்னாலும், பிறந்ததும் அழுத, சிறிது நேரமே உயிரோடு இருந்த குழந்தையாவது உண்டா என்று மறுபடி கேட்க வேண்டும். வாசலில் உட்கார்ந்து ஒரு தாயிடம் இதைக் கேட்பது எளிதல்ல. ஆனால் கேட்காவிட்டால் அந்தப் பிள்ளைகள் எந்தக் கணக்கிலும் வரமாட்டார்கள்.

தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2.5 பிள்ளைகள் என்று அன்று தெரியவந்தது. நாட்டின் சராசரி 3.4. 2019–21 ஆய்வில் தமிழ்நாட்டின் எண் 1.8. நான்காவது ஆய்விலிருந்து (2015–16) மாவட்டவாரியாகவே விவரம் கிடைக்கிறது.

கேட்டாலும் முழு விடை கிடைக்காத கேள்விகளும் உண்டு; கருக்கலைப்பு அவற்றில் ஒன்று. நியூயார்க்கின் குட்மாக்கர் நிறுவனம், மக்கள்தொகைக் கவுன்சில், மும்பையின் சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் மூன்றும் சேர்ந்து அதை ஆராய்ந்தன. எடுத்துக்கொண்ட ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. 2015இல் இந்தியாவில் ஏறத்தாழ 1 கோடியே 56 லட்சம் கருக்கலைப்புகள் நடந்தன என்றும், அவற்றில் 73 விழுக்காடு மருத்துவமனைக்கு வெளியே மாத்திரையால் நடந்தவை என்றும் அவை கணக்கிட்டன.

1960களில் சென்னை மாகாணத்தில் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்களில் ஆண்களே அதிகம். இன்றோ தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் அந்த அறுவையைச் செய்துகொண்டிருக்க, ஆண்களின் பங்கு ஒரு விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. நெருக்கடி நிலைக் காலத்துக் கட்டாய அறுவைகளுக்குப் பிறகு நாடெங்கும் ஆண்கள் ஒதுங்கிக்கொண்டதும், அதன் சுமை முழுக்கப் பெண்கள்மீது விழுந்ததும் இன்னும் விரிவாக ஆராயப்பட வேண்டியவை.