ஒரு டாலர்க் கடிகாரமும் ஆழ்கடற் கலமும்

பிழைப்பை நாடிப் புதிய நகரத்திற்கு வந்த முதல் நாட்களை நாம் மறந்திருக்க மாட்டோம். தெருப் பலகையின் எழுத்து நமக்குப் படிக்க வாராது. ஆயினும், இரயில் நிலையத்திலிருந்து எத்திசையில் எவ்வளவு நேரம் நடந்தோம் என்று மனத்திற்குள் கணக்கிட்டே வழி கண்டோம். தெரிந்ததொரு மணிக்கூண்டு கண்ணிற் பட்டதும் அக்கணக்கைத் திருத்திக்கொண்டோம்.

கடலோடிகள் பல நூற்றாண்டுகளாகக் கைக்கொண்ட முறையும் இதுவே. திசை, வேகம், நேரம் ஆகிய மூன்றும் தெரிந்தால் கலம் நிற்கும் இடத்தைக் கணிக்கலாம். ஆனால் நீரோட்டம் கலத்தை இழுப்பதால் பிழை சேரும். கதிரவனையோ விண்மீனையோ கரையையோ கண்டு அதனைத் திருத்துதல் வேண்டும்.

1895 ஏப்ரல் 24 அன்று ஜோஷுவா ஸ்லோக்கம் என்னும் மாலுமி, ‘ஸ்ப்ரே’ என்ற பாய்மரப் படகில் பாஸ்டனிலிருந்து தன்னந்தனியே புறப்பட்டார். அவருடைய பழைய கப்பற் கடிகாரத்தைச் செப்பனிடப் பதினைந்து டாலர் ஆகும் என்றனர். அதனை விடுத்து, முகப்பு உடைந்திருந்த தகரக் கடிகாரம் ஒன்றை ஒரு டாலருக்கு வாங்கினார். அதனையும் திசைகாட்டியையும் தம் கணக்கையும் துணைக்கொண்டு, இடையிடையே வானத்தை அளந்து பிழை நீக்கி, 1898 ஜூன் 27 அன்று அமெரிக்கா மீண்டார். தனியாக உலகைக் கடல்வழியே சுற்றியவர்களுள் அவரே முதல்வர்.

1989இல் கடலியல் அறிஞர் ஹென்றி ஸ்டாம்மல், ஆளில்லாச் சிறு கலங்கள் கடலெங்கும் உலாவும் எதிர்காலத்தைக் கற்பனைக் கட்டுரையாக வரைந்தார். டக்ளஸ் வெப் என்னும் பொறியாளர் எண்ணிய அக்கலங்களுக்கு ஸ்லோக்கத்தின் பெயரே சூட்டப்பட்டது.

அக்கலத்திற்குச் சுழல்விசிறி இல்லை. தன் பருமனைச் சிறிது குறைத்து மூழ்கும், கூட்டி எழும். இறக்கைகள் அவ்வேற்ற இறக்கத்தை முன்னோட்டமாக மாற்றும். செயற்கைக்கோளின் வானொலி அலை கடல்நீரினுள் ஊடுருவாது. நீருள் இடமறியும் நுண்கருவிகளுக்கோ விலையும் மின்செலவும் மிகுதி. ஆகவே திசைகாட்டி, நீரழுத்த மானி, சாய்வு மானி ஆகிய எளிய கருவிகளால் அது தன் இடத்தைக் கணிக்கிறது. மேலே வந்ததும் செயற்கைக்கோள் வழியே மெய்யான இடத்தை அறிகிறது. கணித்த இடத்திற்கும் மெய்யான இடத்திற்கும் உள்ள வேறுபாடே, நீரோட்டம் எத்திசையில் எவ்வளவு இழுத்தது என்பதைச் சொல்லிவிடுகிறது. பழைய மாலுமி அஞ்சிய பிழை இங்கே அறிவாகிவிட்டது!

அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தார் இத்தகைய கலத்தை அட்லாண்டிக் கடலின் குறுக்கே செலுத்த முனைந்தனர். 2008இல் அனுப்பிய கலம் கரை சேராது தொலைந்தது. அவர்கள் மனந்தளரவில்லை. 2009 ஏப்ரல் 27 அன்று நியூ ஜெர்சி கடலில் விடப்பட்ட ‘ஸ்கார்லெட் நைட்’, 221 நாட்கள் பயணம் செய்து, டிசம்பர் 4 அன்று ஸ்பெயினை அடுத்த கடலில் மீட்கப்பட்டது. எட்டடிக்கும் குறைந்த அக்கலம் சென்ற தொலைவு ஏறத்தாழ 7,400 கிலோமீட்டர்.

அதனை வரவேற்ற ஊர் பயோனா. கொலம்பஸின் கப்பல்களுள் ஒன்றான ‘பிண்டா’, 1493இல் புதிய உலகின் செய்தியைக் கொணர்ந்த துறைமுகமும் அதுவே. அன்று திசைகாட்டியும் கணக்குமே ‘பிண்டா’வை வழிநடத்தின, இன்றும் நீரடியில் சிறு கலத்தை அவையே நடத்துகின்றன. கணக்கில் பிழை நேர்வது இயல்பு. தலைநிமிர்ந்து பார்த்து அதனைத் திருத்திக்கொள்ளும் கலமே கரை சேர்கிறது.