ஆங்கிலப் பள்ளி இலக்கணத்தின் எல்லைகள்: லிண்ட்லி மரே முதல் இன்று வரை

ஆங்கிலப் பள்ளிகளில் மீள்பார்வைப் பாடம் என்ற பெயரால் சொல்வகை, அணி, யாப்பு, கதைக்கூறு ஆகிய நான்கும் ஒரே தாளில் அடுத்தடுத்து வைக்கப்படுகின்றன. பயில்வோருக்கு இவை ஒரே மரத்தின் கிளைகளாகத் தோன்றும். உண்மையில் இவை வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு நோக்கங்களுக்காக அவ்வகுப்பறைக்குள் வந்து சேர்ந்தவை.

ஆங்கிலத்திற்கு ஆங்கிலத்திலேயே எழுந்த முதல் இலக்கணத்தை வில்லியம் புல்லோக்கர் 1586இல் வெளியிட்டார். வில்லியம் லில்லியின் பெயரால் வழங்கிய இலத்தீன் இலக்கணமே அதற்கு முன்மாதிரி. இலத்தீன் அச்சில் ஆங்கிலத்தை வார்த்தல் தகாது என 1653இல் ஜான் வாலிஸ் வாதிட்டார். ஆனால் அந்நூலையும் அவர் இலத்தீனிலேயே எழுதினார் என்பது அக்காலப் புலமைச் சூழலை உணர்த்தும். 1762இல் ராபர்ட் லௌத்தின் சிற்றிலக்கணம் வெளிவந்தது.

பள்ளிகளை ஆண்டவர் லௌத் அல்லர், லிண்ட்லி மரேயே. நியூயார்க்கில் வழக்கறிஞராக விளங்கி, பின்னர் இங்கிலாந்தில் யார்க் நகரை அடுத்துக் குடியேறிய குவேக்கர் அவர். அந்நகரில் இயங்கிய பெண்கள் பள்ளியின் ஆசிரியைகள் வேண்டியதற்கிணங்க அவர் எழுதிய இலக்கணம் 1795இல் அச்சேறியது. தம் நூல் பெரிதும் தொகுப்பே என்பதை அவர் மறைக்கவில்லை; லௌத்திடம் அவர் பெற்றவை மிகப் பல. எழுத்தியல், சொல்லியல், தொடரியல், யாப்பு என நான்காகப் பகுத்து, சொல்வகை ஒன்பது எனக் கொண்டார். அணிகளுக்கோ அவற்றுள் இடமில்லை. ஹியூ பிளேயர் 1783இல் வெளியிட்ட சொற்கலை விரிவுரைகளைத் தழுவி அவற்றைப் பின்னிணைப்பில் வைத்தார். வீரமாமுனிவரின் தொன்னூல் விளக்கத்தில் (1730) அணி ஐந்தாம் உறுப்பு. மரேயிடம் அது தெளிவாக எழுதுதற்குரிய துணைக்கருவி மட்டுமே. இவ்வேறுபாட்டைக் கொண்டு தமிழ் மரபை உயர்த்திப் பேசுதல் எளிது. எனினும் இன்று கிடைக்கும் நன்னூலும் எழுத்து, சொல் என்னும் இரண்டோடு நின்றுவிடுகிறது.

மரேயின் முறை ஆழமாக வேரூன்றியது பயிற்சிநூலின் வழியே எனலாம். 1797இல் வெளிவந்த அந்நூலில் பிழையான தொடர்கள் நிரல்படத் தரப்பட்டன. மாணவர் அவற்றைத் திருத்த வேண்டும். இரட்டை எதிர்மறை ஒன்றையொன்று அழித்து உடன்பாடாகும் என்ற விதியும் இவ்வாறே பரவியது. சாசரும் ஷேக்ஸ்பியரும் கையாண்ட அவ்வமைப்பு எளிய மக்களின் பேச்சில் தொடர்ந்து வழங்கியது. விதி வந்தபின் அப்பேச்சு பள்ளியில் பிழையாயிற்று, பேசியவர் கல்லாதவராயினர்.

கதைக்கூறுகளின் வரவு பின்னையது. இன்று பள்ளிச் சுவர்களில் காணப்படும் எழுச்சி, உச்சம், வீழ்ச்சி என்னும் முக்கோண வரைபடம் குஸ்தாவ் ஃபிரைடாக் 1863இல் ஜெர்மன் மொழியில் எழுதிய நாடக நுட்ப நூலிலிருந்து கிளைத்தது. கிரேக்க நாடகத்தையும் ஷேக்ஸ்பியரையும் நோக்கி வகுக்கப்பட்ட அவ்வைந்துறுப்பு அமைப்பு, பின்னர்ச் சிறுகதைக்கும் நாட்டார் கதைக்கும் அளவுகோலாக்கப்பட்டது. பொருத்தமற்ற இவ்விரிவு இன்னும் போதிய வினாவுக்கு உட்படவில்லை.

இங்கிலாந்தில் இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் முறைசார் இலக்கணப் பாடம் பெரிதும் தளர்ந்தது. 2013இல் தொடக்கப்பள்ளி இறுதியாண்டு மாணவர்க்கு இலக்கணம், நிறுத்தற்குறி, எழுத்துக்கூட்டல் ஆகியவற்றில் தேசியத் தேர்வு அறிமுகமானபோது கலைச்சொற்கள் மீண்டன. அத்தேர்வை எழுதுவோருள் புலம்பெயர்ந்த தமிழர் பிள்ளைகளும் உளர். வார இறுதியில் தமிழ் பயிலும் அப்பிள்ளைகளுக்கு ‘மெட்டஃபர்’ என்பதை உருவகம் எனப் பெயர்த்துரைப்பது இயல்பு. பிளேயர் வழிவந்த மரேயின் விளக்கத்தில் அது சுருங்கிய ஒப்புமை. தண்டியலங்காரத்தில் உருவகம் உவமைக்கும் பொருளுக்கும் இடையிலான வேற்றுமையை ஒழிப்பது. ‘ஃபுட்’ என்பதைச் சீர் என்பதிலும் இத்தகைய இடர்ப்பாடு உண்டு: ஆங்கிலத்தில் அது அழுத்தத்தால் அமைவது, தமிழில் சீர் நேரும் நிரையுமாகிய அசைகளால் அமைவது.